பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு



ஈமானுக்குப் பல கிளைகள் உண்டு. அவற்றுள் தலையாயது கலிமா. ஆகக் கடைசியானது, பாதையில் கிடந்து துன்பம் தரும் பொருளை அகற்றுவது. இவ்வாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. கடைசி என்றதும் அற்பம் என்று எண்ணிவிடக் கூடாது. கடைசிக் கிளையும் ஈமானின் கிளையே. கிடக்கும் முள்ளை எடுப்பது ஈமானில் சேர்ந்தது என்றால், இல்லாத முள்ளைக் கொண்டுபோய்ப் போடுவதற்கு என்ன பெயர் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

இன்று தஞ்சைத் தரணியில் நெல் விளைந்த வயல்கள் மனைகளாகிக் கொண்டிருக்கின்றன. தஞ்சையிலிருந்து ஐயம்பேட்டை, பாபநாசம் வழியாகக் குடந்தை செல்லும் சாலையில் போகிறவர்கள் இதைக் கண்ணால் காணலாம். வெளிநாட்டில் வியர்வை சிந்திச் சேர்த்த ஹலாலான பொருளில் நம்மவர்கள் வீடு கட்டுகிறார்கள். குடிபுகும் நாளில் குர்ஆன் ஓதி, உற்றார் உறவினருக்கு விருந்தும் வைக்கிறார்கள். அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆனால் அந்த வீட்டு வாசல் தெருவோடு சேருகிற இடத்தில் பிறருடைய ஹக்கு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

மழைநீர் புகாதிருக்க வீட்டை உயர்த்திக் கட்டுகிறோம். காரை ஏற்றுவதற்கான சிமெண்டுச் சரிவைத் தெருவில் நீட்டி விடுகிறோம். கேட்டின் கதவு வெளிப்புறம் திறக்கிறது. மூலை மனையில் ஆளுயரச் சுவர் எழுகிறது; திருப்பத்தில் வரும் வாகனம் தெரிவதில்லை. விளைவு என்ன? சைக்கிளில் மதரஸா செல்லும் பிள்ளை சரிவைத் தவிர்க்க நடுச்சாலைக்கு வருகிறது. நோயாளியை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் தெருமுனையில் நிற்கிறது. நாளை நம் ஜனாஸாவைச் சந்தூக்கில் வைத்துத் தோளில் சுமந்து வருகிறவர்களும் அதே சரிவில்தான் கால் இடறுவார்கள்!

பாதையின் அகலத்தில் தகராறு ஏற்பட்டால் ஏழு முழம் விடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. சுமையேற்றிய பிராணி போகவும் வரவும் வேண்டிய அளவு அது என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். ஹிஜ்ரி 17இல் கூஃபா நகரம் அமைக்கப்பட்டபோது, பெருவீதிகளுக்கு 40 முழம், அடுத்தவற்றுக்கு 30, அதற்கடுத்து 20, சந்துகளுக்கு 7 முழம் என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டதாக வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார். வீடுகள் எழும்பும் முன்பே பாதைகள் அளக்கப்பட்டன. ஒட்டகம் நடந்த காலத்திலேயே இத்தனை கவனம் என்றால், லாரியும் கதிர் அறுக்கும் இயந்திரமும் ஓடும் காலத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்!

மனை விற்போருக்கும் ஒரு வார்த்தை. தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. குறையை மறைத்து விற்ற அந்த வியாபாரியைக் கண்டித்து, ஏமாற்றுகிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். நெல் வியாபாரம் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதையில்லாத மனையைப் பாதை உண்டென்று விற்பதும் ஈர நெல்லை மறைத்து விற்பதும் ஒன்றே. ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரை அளவில் மோசம் செய்யாதீர்கள் என்றும், பாதைகளில் உட்கார்ந்து மக்களை மிரட்டாதீர்கள் என்றும் ஒரே உபதேசத்தில் எச்சரித்ததை அல்அஃராஃப் அத்தியாயத்தில் காண்கிறோம்.

அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் 2017இல், 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதி செய்தது. காகிதத்தில் மனை வரன்முறையாகலாம். அதனால் குறுகிய சந்து அகன்றுவிடுமா? புதிய மனைப்பிரிவு போடுவோர் சாலைக்குரிய நிலத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைப்பது சட்டம். சட்டத்துக்காகக் கொடுக்கும் அதே நிலத்தை அல்லாஹ்வுக்காக என்று நிய்யத் வைத்துக் கொடுங்கள். நடக்கும் ஒவ்வொரு காலுக்கும் நன்மையை எதிர்பார்க்கலாம். கொடுத்த பிறகு ஒரு சாணைக்கூடத் திரும்ப வளைக்காதீர்கள். பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற ஹதீஸை மறந்துவிட வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியவற்றைக் கவனியுங்கள். மனை வாங்குமுன் தரகர் சொல்லை நம்பாமல் பத்திரத்திலும் புலப்படத்திலும் பாதையைப் பாருங்கள். சரிவை உங்கள் எல்லைக்குள் அமையுங்கள். கேட்டை உள்வாங்கி வைத்து, கதவு உட்புறம் திறக்கும்படி செய்யுங்கள். வண்டி உள்ளேயே திரும்பி முகம் காட்டி வெளியேற இடம் விடுங்கள். மூலைச் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்வைக்கு வழி கொடுங்கள். நெடுஞ்சாலை ஓரமானால் மனைக்கொரு வாசல் திறக்காமல், பல மனைகளுக்கும் சேர்த்து அனுமதி பெற்ற ஒரே வழி அமைப்பது ஆபத்தைக் குறைக்கும். தேசிய நெடுஞ்சாலையில் அனுமதியின்றி வழி திறப்பதை 2002ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது.

நம் பகுதியில் வாசலுக்கும் சாலைக்கும் நடுவே பல இடங்களில் வாய்க்கால் ஓடுகிறது. அதில் சிறு குழாயைப் போட்டு மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். குப்பை அடைத்துக் கொண்டால் மேலே தெரு மூழ்கும்; கீழே கடைமடை வயல் காயும். உரிய அனுமதியோடு, தண்ணீர் தாராளமாகப் போகும்படி பாலம் கட்டுங்கள். பிள்ளைகள் விழாதிருக்க இருபுறமும் கைப்பிடிச் சுவர் வையுங்கள். நம் வாசலுக்காக எங்கோ இருக்கும் விவசாயியின் தண்ணீரை மறிப்பது அநியாயமல்லவா? அவர் எந்த மதத்தவராயினும் அவருடைய ஹக்கு ஹக்குத்தான்.

தொழுகையில் நேரும் குறைகளை அல்லாஹ் நாடினால் மன்னிப்பான். அடியார்களின் ஹக்கையோ, அதற்குரியவர்களிடமே தீர்க்க வேண்டும். தெருவில் நடந்தவர்கள் அனைவரையும் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்க நம்மால் ஆகுமா? ஆகாது. ஆகவே, இன்றே நம் வாசலைச் சரிசெய்து கொள்வோமாக! பாதையின் ஹக்கைப் பேணி நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.