முட்டுகிற மாடும் அதின் எஜமானும்



பண்டசோழநல்லூரில் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது ஒரு சகோதரி கேட்டார்கள்: "ஐயா, அசிங்கமா படம் போட்டவன் குற்றவாளி, சரி. போட இடம் கொடுத்த கம்பெனிக்குப் பங்கே இல்லையா?" எனக்கு உடனே பதில் வரலை.

அவர்கள் மனதில் இருந்தது சேலம் மாவட்டச் சம்பவம். 2016 ஜூன். 21 வயது வாலிபப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான் ஒருவன். பெற்றோர் போலீசுக்கு ஓடினார்கள். ஆனாலும் படம் சீக்கிரத்தில் இறங்கவில்லை. சில நாளில் மகள் உயிரை மாய்த்துக்கொண்டாள். போட்டவனைப் பிடித்தார்கள், பிறகு!

யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் ஒரு மாட்டுச் சட்டம் உண்டு. மாடு திடீரென்று முட்டி ஒருவன் செத்தால் மாட்டுக்காரன்மேல் பழியில்லை. முட்டுகிற மாடு என்று முன்னமே சொல்லியும் கட்டாமல் விட்டானா, பழி அவன்மேல். நம்ம பக்கத்திலும் அப்படித்தானே? கரும்பில் மாடு இறங்கினால் முதல் நாள் "பாத்துக்கப்பா" என்போம். மறுநாளும் இறங்கினால் பஞ்சாயத்துதான். நம் தேசத்தின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஆம் பிரிவும் ஏறக்குறைய இதேதான்: இன்டர்நெட் லைன் கொடுப்பவரும் பக்கம் நடத்துபவரும், பிறன் செய்த குற்றத்துக்குப் பொறுப்பில்லை, தெரிந்தும் சும்மா இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். (லைன் கொடுப்பவர் தபால்காரர் மாதிரி. கடிதத்தைப் பிரித்துப் படி என்று அவரிடம் யாரும் கேட்கமாட்டோம்.)

ஆனால் 'முட்டுகிற மாடு' என்று சொல்வது யார்? 2012 அக்டோபரில், நம்ம புதுச்சேரியிலேயே, மத்திய மந்திரியின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதின ஒரு சிறுதொழில்காரரைக் கைது செய்தார்கள். அதற்குக் கைகொடுத்த 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அதே தீர்ப்பில், கோர்ட் உத்தரவோ அரசு அறிவிப்போ வந்தால்தான் கம்பெனிக்குத் 'தெரிந்தது' என்று கணக்கு என்றும் சொன்னது. நல்லதுதான். பெரிய மனுஷன் போன் போட்டதும் ஏழையின் எழுத்தை அழித்துவிடக்கூடாதே. ஆனால் சேலத்துப் பிள்ளைக்குக் கோர்ட் வாசல்வரை போக நேரம் எங்கே இருந்தது?

எனக்குப் பட்டது இதுதான்: கருத்தென்றால் கோர்ட் சொல்லட்டும். ஒருத்தியின் உடம்பென்றால் அவள் வாய்ச்சொல்லே போதும். 2021இல் வந்த விதிகள், இப்படிப்பட்ட படத்தை, ஒட்டுப்போட்ட படத்தையும் சேர்த்து, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்லின. ஐந்து வருஷம் முந்தி வந்திருக்கக்கூடாதா?

இதைச் சொன்னதும் அந்தச் சகோதரி, "நடுராத்திரி பாத்தா யாருகிட்ட போறது ஐயா?" என்றார்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில், பெண்கள், பிள்ளைகள் சம்பந்தமான புகாரைப் பெயர் சொல்லாமலே கொடுக்கலாம் என்றேன். மகளைக் கூப்பிட்டு, காலண்டர் ஓரத்தில் எழுதி வைக்கச் சொன்னார்கள்.