ஔவைப் பாட்டி உட்கார்ந்த நிழல்

ஓம் சரவணபவ!

இந்தப் பதிவு வீட்டுல 60 வயசைத் தாண்டின பெரியவங்களுக்கும், அவங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற பிள்ளைகளுக்கும்.

சுட்ட பழம், சுடாத பழம் கதை நமக்கெல்லாம் தெரியும். ஔவைப் பாட்டியோட கர்வத்தை முருகன் அடக்கினான்னுதான் எப்பவும் சொல்லுவாங்க. அந்தக் கதையோட ஆரம்பத்தைக் கொஞ்சம் பாருங்க. வெயில்ல நடந்து களைச்சுப்போன பாட்டி, நாவல் மர நிழல்ல உட்கார்றாங்க. பசிக்குதுன்னு மரத்து மேல இருந்த சின்னப் பையன்கிட்ட கூச்சப்படாம பழம் கேக்குறாங்க. "ஏன் உட்கார்ந்தே? எழுந்து நட"ன்னு முருகன் சொல்லலை. பாட்டி உட்கார்ந்த இடத்துக்கே வந்து காட்சி கொடுத்தான்!

இதை ஏன் சொல்றேன்னா, எங்க பெரியப்பாவுக்கு 71 வயசு. பழனிக்குப் போனா 693 படியும் ஏறித்தான் ஆகணும்பார். "விஞ்ச்ல போனா அது என்ன பக்திடா?"ன்னு கேப்பார். இப்படி நினைக்கிற பெரியவங்க நம்ம எல்லார் வீட்லயும் இருக்காங்க. அவங்க வைராக்கியத்தை நான் குறை சொல்லலை. ஆனா இந்த வயசுல ஒரு தடவை விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா, அப்புறம் தெருமுனைப் பிள்ளையாரைப் பார்க்கக்கூட ஒருத்தர் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்.

வயசாக ஆக தாகமே சரியாத் தெரியாது, வியர்வையும் குறையும். பிரஷருக்குச் சாப்பிடுற சில மாத்திரைகள் உடம்புல இருக்கிற நீரை வெளியேத்தும். அதோட வெயில்ல நின்னுட்டு, உட்கார்ந்து, சட்டுனு எழுந்தா தலை சுத்தும். கீழே விழுறது பல நேரம் இப்படித்தான்.

நம்ம முன்னோர்கள் இதைப் புரிஞ்சு வச்சிருந்தாங்க. பழனியில அக்னி நட்சத்திரக் கழு விழா சித்திரை கடைசி 7 நாள், வைகாசி முதல் 7 நாள் நடக்கும். கொளுத்துற அந்த வெயில் காலத்துலயும் கிரிவலத்தை விடலை. ஆனா சுத்துறது அதிகாலையிலயும் சாயங்காலத்துலயும்! நடையை நிறுத்தாம நேரத்தை மட்டும் மாத்திக்கிட்டாங்க. நாமளும் அதைப் பிடிச்சுக்கலாம்.

🔸 படி ஏறணும்னு வேண்டுதலா? விடியக்காலையிலயே தொடங்குங்க. சரிவா இருக்கிற யானைப் பாதையில நிதானமா, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்க. இறங்கும்போது விஞ்ச்ல வாங்க. வேண்டுதல் ஏறுறதுக்குத்தானே! முழங்காலுக்கு இறக்கம்தான் அதிக பாரம், தடுமாறி விழுறதும் அங்கதான்.

🔸 சர்க்கரை இருக்கிறவங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம். கல்தரை சுடுறதே தெரியாம கொப்புளம் வந்து புண்ணாகிடும். மதியம் பிரகாரம் சுத்தாதீங்க. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்க. தண்ணி தெளிச்ச தரையில வழுக்கும், கைப்பிடியை விடாதீங்க.

🔸 கிருத்திகை, சஷ்டி விரதம்னாலும் தண்ணி, மோர் குடிங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. இதயம், சிறுநீரகத் தொந்தரவு இருக்கிறவங்க எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னும், சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவங்க விரதம் இருக்கலாமான்னும் டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க.

🔸 தலைசுத்தல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தா அங்கயே நிழல்ல உட்காருங்க. பேச்சு குழறினாலோ, இடம் ஆள் தெரியாமப் போனாலோ அது ஆபத்து. உடம்பை ஈரத்துணியால துடைச்சுக்கிட்டே 108-ஐக் கூப்பிடுங்க.

இதையெல்லாம் படிச்சுட்டு, "வம்பே வேணாம், வீட்லயே இருக்கேன்"னு உட்கார்ந்துடாதீங்க. அது இன்னும் மோசம். நடக்காத காலுக்குத் தொடையில பலம் போயிடும். அப்புறம் வீட்டுக்குள்ள பாத்ரூமுக்குப் போறதுக்கே தடுமாறும். ஒரு சின்ன வழிபாடு சொல்றேன். காலையில நகராத நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்காருங்க. ச-ர-வ-ண-ப-வ, ஆறெழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் மெதுவா ஒரு தடவை எழுந்து உட்காருங்க. தேவைப்பட்டா கையை ஊன்றிக்கோங்க. நாமமும் ஆச்சு, காலுக்குப் பலமும் ஆச்சு. அடுத்த வருஷம் மலை ஏறுறதுக்கு இந்த வருஷமே சேர்த்து வைக்கிற பலம் இது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "உங்களால முடியாது, வீட்ல இருங்க"ன்னு அவங்க மனசை உடைக்காதீங்க. விடியக்காலையில எழுந்து கூடப் போங்க. தண்ணி பாட்டிலை நீங்க தூக்குங்க. அவங்க மூச்சு வாங்க நின்னா, நீங்களும் நில்லுங்க.

கந்தன் கணக்குல ஏறின படியும் உண்டு, இளைப்பாற உட்கார்ந்த படியும் உண்டு. நாவல் மரத்தடிக்கே வந்தவன், நாம உட்கார்ற படிக்கும் வருவான்.

உங்க குடும்பக் குரூப்ல இருக்கிற தாத்தா பாட்டிகளுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏