நீதிபதியின் முகம்

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ருவோ (1871–1958) இளமையில் வண்ணக் கண்ணாடிப் பட்டறையில் தொழில் பயின்றவர். ஆழ்ந்த கத்தோலிக்கரான அவர் தடித்த கருங்கோடுகளுக்குள் விலைமகளிரையும் கோமாளிகளையும் நீதிபதிகளையும் தீட்டினார். அவர் போற்றிய கத்தோலிக்க எழுத்தாளர் லெயோன் புளுவாவே அவற்றைக் கண்டு முகம் சுளித்தார். ஆனால், அக்கோமாளியின் களைத்த முகத்தை, அவரே தீட்டிய பாடுபடும் கிறிஸ்துவின் முகத்தருகே வைத்துப் பாருங்கள்; இரண்டிலும் ஒரே துயரம். அவருடைய நீதிபதியையும் குற்றவாளியையும் பிரித்தறிவதுகூட அரிது.

பிறரைத் தீர்ப்பிடத் தயங்கியவர், தம்மைத் தீர்ப்பிடத் தயங்கவில்லை. வழக்காடி மீட்ட ஓவியங்களுள் 315-ஐ, இனி நிறைவுசெய்ய இயலாதெனக் கருதி, 1948-இல் தாமே தீயிலிட்டார். நாமோ நம் குறைகளைப் பொதிந்து வைத்து, அயலாரின் குறைகளையே எரிக்கத் துடிக்கிறோம்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நீதிபதியாய் அமரும்போதெல்லாம், ருவோ தீட்டிய அந்த முகம் என்னுடையதுதானோ என அஞ்சுகிறேன். அந்த அச்சம் நீங்காதிருக்கவே மன்றாடுகிறேன்.