யாரிடம் கேட்பது?

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் ஆசிரியர் அறை வாசலில் இளைஞர்கள் தயங்கித் தயங்கி நிற்பார்கள். "சாரே, ஒரு ரெக்கமண்டேஷன் லெட்டர் வேணும்." அறிவியல் கழகங்களின் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு ஒன்று, வெளிநாட்டில் முதுகலை படிக்கப் போகிறவர்களுக்கு இரண்டோ மூன்றோ. முதலில் போய் நிற்பது பெரும்பாலும் துறைத்தலைவரிடம். அவர் இல்லையென்றால் முதல்வர். பதவி பெரிதானால் கடிதத்துக்கும் கனம் கூடும் என்கிற எண்ணம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெசட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்து இல்லாமல் எந்தத் தாளும் செல்லாது என்றிருந்த காலத்தில் வளர்ந்த பெற்றோர், பிள்ளைக்கு வேறு என்ன சொல்லிக் கொடுப்பார்கள்?

ஆனால் பரிந்துரைக் கடிதம் நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. ஒருவர் மீது புகார் இல்லை என்பதோடு சான்றிதழின் வேலை முடிந்துவிடும். கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்தப் பெண் விடை தெரியாமல் திணறியபோது என்ன செய்தாள்? பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் அதைச் சொல்ல முடியும்.

நம் நாட்டில் பரிந்துரைக் கடிதங்களால் வழி திறந்த வாழ்க்கை என்றால் எனக்கு ராமானுஜன்தான் நினைவுக்கு வருகிறார். எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், கையில் பட்டம் கிடையாது. 1910இல் திருக்கோவிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், கேட்ட வேலையைக் கொடுக்கவில்லை. இந்த மூளையைத் தாலுகா ஆபீஸில் அடைத்துப் போட அவருக்கு மனமில்லை. கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் நடத்திய சேஷு ஐயர் அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் கடிதம். 1912 மார்ச்சில் துறைமுகத்தில் வேலை.

இந்தக் கடிதங்களில் நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது 1913 பிப்ரவரி 26 தேதியிட்ட ஒன்றைப் பற்றி. எழுதியவர் கில்பர்ட் வாக்கர். இந்திய வானிலைத் துறையின் தலைவர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். இன்று எல் நினோ பற்றிய பேச்சில் அடிபடும் வாக்கர் சுழற்சி அவர் பெயரால் வழங்குவதுதான். சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் எழுதியதில் வானளாவிய புகழ்ச்சி கிடையாது. புதுமையில் ராமானுஜனின் வேலை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெலோ செய்யும் வேலைக்கு ஒப்பானது என்றார். நிறைவும் துல்லியமும் இன்னும் போதாது என்றும் எழுதினார். இந்தக் கணிதப் பிரிவுகளில் தனக்குத் தனிப் பயிற்சி இல்லை என்பதையும் மறைக்கவில்லை. குறையையும் தன் எல்லையையும் சொன்ன பிறகுதான், இவருக்குச் சில ஆண்டுகளாவது கவலையில்லாமல் கணிதம் செய்ய வழி செய்யுங்கள் என்று கேட்டார். பட்டமில்லாத அந்தத் துறைமுகக் குமாஸ்தாவுக்குப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஒதுக்கியது.

வாக்கர் பார்த்தது ராமானுஜனின் கணக்குகளை. குறையோடு கிடந்த கணக்குகளை. பார்க்கக் கொடுத்ததால் பார்த்தார். நம் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆசிரியர் முன்னால் அடித்தல் திருத்தல் இல்லாத ரெக்கார்டு நோட்டோடு போய் நிற்பதுதான் மரியாதை என்று இங்கே பழக்கியிருக்கிறோம். புரியவில்லை என்று சொல்வது குறைச்சல். மூன்று வருடம் அப்படி மறைந்தே இருந்துவிட்டு, கடைசியில் கடிதம் கேட்டால், ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி என்பதற்கு மேல் அந்த ஆசிரியரால் என்ன எழுத முடியும்?

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணைக் காணும் பரிசோதனை. மற்ற எல்லோருக்கும் 1.52. சிலருக்குத் தானாக வந்தது, சிலர் வரவழைத்துக்கொண்டார்கள். அவளுக்கு 1.58. அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, "சாரே, எனக்கு மட்டும் ஏன் கூடுது?" என்று வந்து நின்றாள். மறுபடி சோடியம் விளக்கை ஏற்றினோம். முப்பட்டகத்தைத் திருப்பத் திருப்ப மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துபோய், ஓரிடத்தில் நின்று, திரும்பி வரும். நிற்கும் அந்த இடத்தில்தான் கோணத்தை அளக்க வேண்டும். அவள் அதைத் தாண்டி அளந்திருந்தாள். வேறு எங்கே அளந்தாலும் கோணம் கூடத்தான் செய்யும் என்பதை அவளே கண்டுபிடித்துச் சொன்னபோது ஆய்வகம் பூட்டும் நேரம். அந்தப் பருவத்தில் அவள் வாங்கிய மதிப்பெண் சுமார்தான். ஆனாலும் அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

எல்லோருக்கும் இது எளிதல்ல என்பது தெரியும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டிவிட்டு முதல் மணிக்கு ஓடி வருகிறவனுக்கும், அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கும் அம்மாவுக்கு முன்னால் வீடு சேர்ந்தாக வேண்டியவளுக்கும் வகுப்பு முடிந்தபின் நின்று பேச எங்கே நேரம்? அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் கடைசி பெஞ்சுவரை போய்ப் பார்ப்பது ஆசிரியரின் கடமை. அதைச் செய்யாமல், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. இருபது வயதுப் பிள்ளையிடம் தன்னையே புகழ்ந்து எழுதச் சொன்னால், எங்கிருந்தோ எடுத்த வாக்கியங்கள்தான் வரும். படிக்கிறவர்கள் அதைப் பலமுறை பார்த்திருப்பார்கள்.

அதனால் மாணவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், "என்னைப் பற்றி எழுத உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?" என்று ஆசிரியரிடம் நேராகவே கேட்டுவிடச் சொல்கிறேன். அவர் தயங்கினால் வேறொருவரிடம் போகலாம். அதில் கோபிக்க ஒன்றுமில்லை. முனைவர் பட்டம் வாங்காத இளம் விரிவுரையாளராக இருந்தாலும், புராஜெக்ட்டில் கூடவே இருந்தவர் என்றால் அவரே போதும். என்னிடமே கடிதம் கேட்டு வருகிறவர்களிடம், மார்க் ஷீட் அப்புறம் இருக்கட்டும், அடித்துத் திருத்திய ரஃப் நோட்டு இருந்தால் முதலில் அதை எடுத்து வா மக்களே என்கிறேன்.