எதைக் கைவிடப் போகிறாய்?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்துத் தம்பியே, தங்கையே! ஆங்கிலப் புத்தகத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற தலைப்பைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஓடாதே. 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. அப்படியானால் 'கிவ் அப்' என்பது மேலே கொடுப்பதா? இல்லை. இதற்கா மிரள்கிறாய்? கை தனி, விடு தனி. இரண்டும் சேர்ந்தால் கைவிடு. இந்த வித்தையை உன் ஆயா பேசக் கேட்டே நீ கற்றாயிற்று! 'கிவ் அப்' அந்தக் கைவிடுதான்.

இந்தச் சொல்லை உன்னிடம் பேசக் காரணம் உண்டு. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் உன் தெருவில்தான் பாடைகள் வரிசையாகக் கிளம்பின. மெத்தனாலை ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது கண் நரம்பைத் தின்னும். மாண்டவர்களில் பலர் கூலிக்கு உழைத்து உன்னைப் போன்ற பிள்ளைகளை வளர்த்தவர்கள். அவர்களைப் பழிக்கும் எவன் முன்னாலும் தலைகுனியாதே!

இப்போது நோட்டை எடு. 'ஹி கேவ் அப் டிரிங்கிங்': அவர் குடியை விட்டார். பின்னால் வரும் வினை 'இங்' என்று முடிய வேண்டும். 'டு டிரிங்க்' என்று எழுதினால் தப்பு. 'இட்' வந்தால் நடுவில் நிற்கும்: 'கிவ் இட் அப்'. கடைசியில் 'ஆன்' சேர்த்து ஓர் ஆளைச் சொன்னால், இவன் தேறமாட்டான் என்று கைகழுவுவது. சாராயச் சாவு நடந்த ஊர் என்று சொல்லி உன்னை ஒதுக்குகிறானே, அவன் செய்வது அதுதான். உன் ஊருக்கு அருகிலுள்ள கல்வராயன் மலையைப் பற்றிப் பேசும்போது சாராய ஊறலை மட்டும் பேசி, அங்கே படிக்கும் பிள்ளைகளை மறப்பவனும் அதையேதான் செய்கிறான். அவர்கள் செய்யட்டும். உன்னை நீயே கைகழுவாதே!

அந்தச் சாராயச் சாவில் தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவைப் பட்டப்படிப்பு வரை ஏற்பதாக அரசு அறிவித்தது. நீ அப்படிப்பட்ட பிள்ளை என்றால் அது உனக்குச் சேர வேண்டியது. கூசாமல் கேட்டு வாங்கு. கூலிக்குப் போகலாம் என்று பள்ளியை விட நினைக்கிற நண்பன் இருந்தால், அவன் கையைப் பிடித்து இழுத்து வா.

நாளைக்கு வகுப்பில் எழுந்து நில். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். 'ஐ வில் நாட் கிவ் அப் ஸ்டடியிங்' என்று சொல். படிப்பைச் சொல்லும் இடத்தில் 'இட்' போட்டுச் சொல் என்று ஆசிரியர் கேட்பார். அதற்கும் தயாராக இரு: 'ஐ வில் நாட் கிவ் இட் அப்!'