கிழித்தெறிந்த டிக்கெட்

எந்த ஊருக்குக் கிளம்பினாலும் திரும்பி வருவதற்கான டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுவேன். அதனால்தானோ என்னவோ, பால் ஹென்றியின் கதை என்னை விடாமல் உறுத்துகிறது. 1876-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். பாரிஸில் ஓவியம் படித்து, லண்டனில் பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தவர். 1910-ல் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள அக்கில் தீவுக்குச் சில நாள் இருந்துவிட்டு வரலாமென்று போனார். ஊர் பிடித்துப்போயிற்று. ஊர் திரும்ப வைத்திருந்த ரயில் டிக்கெட்டைக் கிழித்துக் கடலில் வீசிவிட்டதாகப் பின்னாளில் அவரே எழுதினார். அதன் பிறகு ஒன்பது வருஷம் அவருக்கு அதுதான் ஊர்.

தீவுக்காரர்களுக்கோ தங்களை யாரும் படம் வரைவது பிடிக்காது. மறைந்து நின்றுகூட அவர் வரைய வேண்டியிருந்தது. 1912-ல் வரைந்த ‘உருளைக்கிழங்கு தோண்டுவோர்’ படத்தில் இரண்டு பெண்கள் மண்ணைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள். பின்னால் மலை, மேலே மேகம். ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அந்தக் குனிவு கைவராது. வேலை பார்த்துக் காய்த்த முதுகு எந்த இடத்தில் வளையும் என்பது நாள்பட உடனிருந்தால்தான் கண்ணில் படும்.

ஆனால் அக்கில்காரர்கள் வருஷாவருஷம் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போனார்கள். அங்கேயும் கூலிக்குக் கிழங்குதான் தோண்டினார்கள். சொந்த மண் வயிற்றுக்குப் போதவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஊரே டிக்கெட் வாங்கும் இடத்தில் ஒருவரால் டிக்கெட்டைக் கிழித்துப் போட முடிந்திருக்கிறது. அவருடைய துணிச்சலை மெச்சும்போதெல்லாம் இதுவும் கூடவே நினைவுக்கு வந்து மனதைப் பிசைகிறது.

மனைவி கிரேஸும் ஓவியர். தீவின் இரவுகளை, நிலா வெளிச்சத்தை அருமையாக வரைந்தவர். ஆனாலும் கணவருக்கு ஒட்டிய அளவுக்கு அந்த ஊர் அவருக்கு ஒட்டவில்லை. 1919-ல் இருவரும் டப்ளினுக்குப் போனார்கள், பிறகு பிரிந்தார்கள். கடலில் விழுந்த டிக்கெட்டோடு கிரேஸின் வழியும் போயிற்றோ? இதை யாராவது அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

போகப்போக ஹென்றியின் படங்களில் ஆட்கள் குறைந்து, மலையும் மேகமும் கூரைவீடும் மட்டும் மிஞ்சின. 1920-களில் லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே அவர் ஓவியங்களைச் சுவரொட்டிகளாக அச்சிட்டு ஒட்டியது, மேற்கு அயர்லாந்தைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் வாங்கச் சொல்லி.

1945-ல் அவருக்குப் பார்வை போயிற்று. 1951-ல் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. அதில் நிறைந்திருப்பது அக்கில்தான்.