கள்ளக் குடியேற்றம்: குற்றவாளி யார்?

தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவர் கூடுமிடமெல்லாம் ஒரு முறையீடு கேட்கிறது. "பத்திரமில்லாத அன்னியன் அரைக் கூலிக்கு உழைக்கிறான், நமது பிழைப்புப் போயிற்று, அவனைப் பிடித்துக் கப்பலேற்ற வேண்டும்" என்பதே அது. இதில் உண்மையே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. கூலி குறைந்தால் காய்வது நமது பிள்ளைகளின் வயிறன்றோ? ஆயினும், நோவை அறிந்தவனெல்லாம் மருந்தையும் அறிந்தவனாகி விடமாட்டான்.

முதலில் பொருளாதாரக் கணக்கைப் பார்ப்போம். மலேசியாவில் 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. செம்பனைக் குலை வெட்டும் அன்னியத் தொழிலாளிக்கும் அச்சட்டம் உரியதே. அங்ஙனமிருக்க, பத்திரமில்லாதவன் ஏன் அதற்கும் குறைந்த கூலிக்கு இசைகிறான்? அவனுக்கு மட்டும் பசி குறைவா? இல்லை. தொழில் இலாகாவின் படியேறி நியாயம் கேட்டால், கூலி வருமுன் விலங்கு வரும் என்று அஞ்சுகிறான். அந்த அச்சத்தைத்தான் முதலாளி மலிவாக வாங்குகிறான். நமது கூலியை அறுப்பதும் அந்த அச்சமே.

இவர்களில் பலர் இரவில் படகேறி வந்தவருமல்லர். முறைப்படி அனுமதி பெற்று வந்தவர்கள். அனுமதிச் சீட்டோ ஒரே முதலாளியின் பெயரோடு கட்டுண்டது. கூலி பாக்கி வைத்தவனை விட்டு ஓடிய மறுகணமே தொழிலாளி "கள்ளக் குடியேறி" ஆகிவிடுகிறான். கூலியைக் களவாடியவன் கனவானாகவே இருக்கிறான்!

சட்டம் என்ன சொல்லுகிறது? 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி நுழைந்தவனுக்குச் சிறையோடு ஆறு பிரம்படி வரை உண்டு. அவனை வேலைக்கு வைத்தவனுக்கும் தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஐவருக்கு மேல் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் உண்டு. ஏட்டில் தராசு நேராகவே நிற்கிறது. ஆனால் தடுப்பு முகாம்களை நிறைப்பவர் யார்? முதலாளிகளா? நமது வாசகர்களே விடை கூறட்டும்.

"மன்னித்தால் இன்னும் பலர் வருவரே, முறையாக வந்தவன் ஏமாளியாவானே" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். வீட்டுக்குக் கதவு வேண்டும். வருவோரை எண்ணி அழைக்கும் உரிமை நாட்டுக்கு உண்டு. மன்னிப்பு மட்டும் போதாதென்பதும் மெய்யே. 2011இல் பொதுமன்னிப்புத் திட்டம் வந்தது, 2016இல் மறுபடியும் பதிவு நடந்தது, நோய் தீரவில்லை. அச்சத்தில் ஆதாயம் உள்ளவரை அச்சமுள்ளவனைத் தேடி ஆள் போய்க்கொண்டேயிருக்கும்.

நமது கதையையும் நாம் மறக்கலாகாது. கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியவர்கள் நமது பாட்டன்மார். 1930ஆம் ஆண்டையொட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது, வேண்டாத சுமையென ஆயிரமாயிரம் பேர் திருப்பியனுப்பப்பட்டனர். 1968ஆம் ஆண்டில், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் பிறந்தது. ஆயுள் முழுதும் பால் வெட்டிய கைகள் பத்திரம் ஒன்றில்லாமையால் அன்னியக் கைகளாயின. அன்று நாம் கேட்டது பிச்சையன்று, உழைப்புக்கேற்ற நியாயம். அதையே இன்று வேறு மொழி பேசுகிறவன் கேட்டால், நமது செவி அடைத்துப்போவதா?

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. கூலி கேட்டு வருகிறவனைத் தொழில் இலாகா குடிநுழைவு அதிகாரியிடம் ஒப்புவிக்கலாகாது. கொடிய முதலாளியை விட்டு வேறிடம் செல்ல அனுமதிச் சீட்டு இடந்தர வேண்டும். மறைவாய் ஆள் வைத்து இலாபம் தின்கிறவனைச் சட்டம் உள்ளபடியே தண்டிக்க வேண்டும்.

தோழர்களே! பக்கத்து நிரையில் வெட்டுகிறவனுக்குக் கூலி மறுக்கப்பட்டால், அவனைக் காட்டிக் கொடாதீர்கள். சங்கத்தின் வாசலுக்கு அழைத்து வாருங்கள். அவன் அச்சம் நீங்கும் நாளிலேதான் நமது கூலியும் நிமிரும்.